மயில் காசு

ஊஞ்சவலசில் மழை பெய்தால் பெண்கள் வெளியே வருவதில்லை. கொடியில் காயும் துணி நனைந்தால் நனையட்டும், களத்தில் கிடக்கும் சோளம் போனால் போகட்டும், கட்டுத்தறியில் எருமை கத்தினால் கத்தட்டும், வாசற்படி தாண்டிக் கால் வைக்கமாட்டார்கள். வெளியூரிலிருந்து புதிதாக வாழ வந்த பெண் யாராவது தெரியாத்தனமாக மழைத்தண்ணீர் பிடிக்க அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடினால், மாமியார்க்காரி பின்னாலேயே ஓடிப்போய் இழுத்து வந்து, ரவிக்கையை விலக்கி முதுகைப் பார்ப்பாள். தழும்பு விழுந்திருக்கும், இரண்டு வரி, ஒட்டினாற்போல, சாட்டையால் விளாசிய தழும்பு. மாமியார்க்காரி மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டே, "நம்ம சாமி கொஞ்சம் துடியான சாமி கண்ணு, நீதான் பாத்துப் பொழங்கோணும்" என்பாள்.

அந்தச் சாமிக்கு, மனுஷனாக நடமாடிய காலத்தில், ராக்கியண்ணன் என்று பெயர். அமராவதி ஆற்றுக்குள் மணல் லாரிகளுக்கு ஆள் விட்டுக் குழி வெட்டுகிற மேஸ்திரி. சுருட்டைத் தாடி, கட்டைக் கழுத்து, யாரையும் நேராகப் பார்க்காத கண். அப்பன் காலத்து வண்டிமாடுகளை விற்றுத் தின்றவன், சாட்டையை மட்டும் விற்காமல் கூரை எரவாணத்தில் செருகி வைத்திருந்தான். நுனி இரண்டாகப் பிரிந்த தோல் சாட்டை. மாடு இல்லாத வீட்டில் சாட்டை எதுக்கப்பா என்று அக்கம்பக்கத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. அது அவன் பெண்டாட்டி குப்பாத்தாளின் முதுகுக்கு என்று எல்லாருக்கும் தெரியும்.

குப்பாத்தாளுக்கு முன்னால் பிறந்ததெல்லாம் தங்காமல் போனதால், இவளைப் பிறந்த கையோடு குப்பைமேட்டில் உருட்டி எடுத்து, இது குப்பை, இதை எடுக்க எவனும் வரவேண்டாம் என்று எமனுக்குக் கேட்கும்படி பேர் வைத்தார்கள். எமன் கேட்டுக்கொண்டான். ராக்கியண்ணன் கேட்கவில்லை, முறை மாமன் என்று சொல்லிக்கொண்டு வந்து கட்டிக்கொண்டு போனான். சென்னியப்பன் என்று ஒரு மகன், நாகமணி என்று ஒரு மகள். மகளைத் தாராபுரம் பக்கம் கொடுத்தாயிற்று. மகன், கல்யாணமான பின்னும், கூடவே இருந்தான். அப்பன் சாட்டையை எடுத்தால் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவான், நல்ல பையன்.

ஒருநாள் மணல் குழியில் ராக்கியண்ணனுக்கு இரண்டு தங்கக் காசுகள் கிடைத்தன. ஒன்றில் சுருட்டைத் தாடி வைத்த ஆண் முகம், திருப்பினால் இறக்கை விரித்த பெரிய பறவை. இன்னொன்றில் கூந்தலைப் பின்னி உச்சியில் சுருட்டிக் கொண்டை போட்ட பெண் முகம், திருப்பினால் மயில். எழுத்து ஒன்றும் நம்மூர் எழுத்தில்லை. ராக்கியண்ணன் அதைப் பார்த்து, பருந்து பெருமாளோடது, மயில் முருகனோடது, மாமனும் மருமகனுமாச் சேர்ந்து நம்ம ஊட்டுக்கே வந்துட்டாங்க என்று சிரித்தான். அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தான். சோற்றுக்கு அரிசி அள்ளப் போன குப்பாத்தாளின் விரல் காசில் பட்டுவிட்டது என்று அவள் வலது மணிக்கட்டை வாசற்படியில் வைத்து மிதித்தான். எலும்பு கோணலாகவே கூடியது. அன்றிலிருந்து அவள் இடது கையால்தான் அரிசி அள்ளினாள்.

சில மாதத்தில் அவன் செத்தான். குடித்துவிட்டு, தானே வெட்டிய மணல் குழியில் தலைகுப்புற விழுந்து செத்தான். சாவு வீட்டில் எல்லாம் முறைப்படி நடந்தது, நெற்றிக்காசில் வந்துதான் இடறியது. பிணத்தின் நெற்றியில் சந்தனம் குழைத்து ஒரு காசு ஒட்டவேண்டும், சுடுகாடு போனதும் அந்தக் காசு வெட்டியானுக்கு. இந்தக் காலத்தில் எவன் மடியில் காசு இருக்கிறது? எல்லாரும் போனைத் தட்டிக் கடன் அடைக்கிறார்கள். துழாவித் துழாவி ஒருத்தன் பத்து ரூபாய்க் காசு ஒன்றை எடுத்தான். கூட்டத்தில் ஒரு பெரிசு, "இதைக் கடைக்காரனே வாங்க மாட்டேங்கறான், எமன் வாங்குவானாக்கும்?" என்று கேட்டது, சாவு வீடு என்றும் பாராமல் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அப்போதுதான் குப்பாத்தாள் எழுந்து உள்ளே போனாள். அரிசிப் பானைக்குள் கோணல் கையை விட்டு, தாடிக்காரன் முகம் போட்ட காசை எடுத்துவந்து, சந்தனத்தில் தோய்த்து, புருஷன் நெற்றியில் பொத்தென்று அமுக்கினாள். பாசமெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. உன் தங்கத்தை நீயே வெச்சுக்க, இந்த ஊட்டுல உன்னோடது எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது என்று நினைத்துத்தான் அமுக்கினாள்.

சுடுகாட்டில் சென்னியப்பன் கொள்ளி வைத்து, தீ நன்றாகப் பிடித்து, புகை நேராக எழும்பிய நேரத்தில், உச்சி வெயிலுக்குள்ளிருந்து ஒரு பருந்து இறங்கியது. பசுவின் முதுகளவு அகலம். யாரையும் சட்டை செய்யாமல் சிதையின் மேல் உட்கார்ந்து, தோளைக் குனிந்து கொடுத்தது. ராக்கியண்ணன் எழுந்து, விறகை விலக்கி, பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குப் போகிறவன் மாதிரி அதன் முதுகில் ஏறி உட்கார்ந்தான். வேட்டி நுனி எரிந்துகொண்டிருந்ததை இடது கையால் தட்டி அணைத்தான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பருந்து எழும்பியது, போய்விட்டான். மொட்டை அடிக்க உட்கார்ந்திருந்த சென்னியப்பன் பாதித் தலையோடு எழுந்து அண்ணாந்து பார்த்தான். நாவிதர் அவன் தோளை அமுக்கி, "உக்காருங்க தம்பி, மீதியையும் வழிச்சர்றேன், வெயிலாகுது" என்றார்.

தாடிக்காரன் காசு மட்டும் சாம்பலில் கிடந்தது, சூடுகூட இல்லாமல். வெட்டியான் மருதன் அதைத் தன் பங்கென்று எடுத்துப் பார்த்து, என்ன நினைத்தாரோ, திருப்பிக் கொண்டுவந்து குப்பாத்தாள் கையில் வைத்தார். "இது எனக்கு வேண்டாந் தாயி" என்றார்.

அதிசயம் நடந்ததைப் பற்றி ஊரில் யாரும் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. அலட்டிக்கொண்டதெல்லாம் எலும்பு இல்லாததைப் பற்றித்தான். மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கப் போனால் பொறுக்க ஒன்றுமில்லை. எலும்பு இல்லாமல் ஆற்றில் எதைக் கரைப்பது? கரைக்காமல் கருமாதி எப்படி? கருமாதி இல்லாமல் தாலி அறுப்பது எப்படி? ஊர் வழக்குத் தீர்க்கிற கொத்துக்காரர் அர்த்தநாரி இரண்டு பக்கமும் பேசவிட்டுக் கேட்டு, கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: ஆள் சாகவில்லை, சாமியாயிட்டான். சாமி பொண்டாட்டி முண்டச்சியாக முடியாது. பொட்டை அழிக்க வேண்டாம், பூவை எடுக்க வேண்டாம், தாலி கழுத்திலேயே இருக்கட்டும்.

குப்பாத்தாள் அன்றைக்குத்தான் அழுதாள். புருஷன் செத்தபோது கண்ணில் ஒரு சொட்டு வராதவள், தாலி இருக்கட்டும் என்றதும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். கருமாதியன்று அந்தக் கயிற்றை அறுத்துப் பால் சொம்பில் போடப்போகும் நிமிஷத்தை அவள் உள்ளுக்குள் எத்தனையோ தடவை பார்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள், பூரிப்புல அழுகறா பாவம் என்றார்கள்.

பருந்தேறியப்பன் என்று பேர் வைத்துக் கோயில் கட்டினார்கள். சென்னியப்பன் பூசாரியானான். கருவறையில் ஒரு கல், கல்லுக்கு முன்னால் தட்டு, தட்டில் தாடிக்காரன் காசு. பக்கத்திலேயே மயில் காசையும் கொண்டுபோய் வைத்தான். முதல் பூசை முடிந்து தேங்காய் உடைத்ததும், வெகு நாளாக எட்டிப் பார்க்காத மழை வந்தது. ஊரே கைகொட்டியது. களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் மட்டும் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஆண்களுக்கு அது வெறும் மழைதான். பெண்கள் முதுகில் இரண்டு இரண்டு வரியாகத் தடித்திருந்தது.

குப்பாத்தாள் அந்த முதுகுகளைத் தொட்டுப் பார்த்தாள். பார்க்கக்கூட வேண்டியதில்லை, விரல் சொல்லியது. "இது அவிய சாட்டைதான்" என்றாள். "அடிச்சு முடிச்சதும் நுனியை ஒரு சுண்டு சுண்டுவாங்க, பாருங்க, வரி முடியற எடத்துல ஒரு கொக்கி."

"சாமியைப் பத்தி அப்படிப் பேசாத அக்கா" என்றார்கள், முதுகு எரிய எரிய.

சாமி என்றால் அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பயம் வேண்டுமில்லையா என்று ஆண்கள் சொன்னார்கள். அதன்பிறகு மழை தவறாமல் வந்தது, சோளம் ஆளுயரம் நின்றது, கிணறுகள் மேலேறின. பெண்களின் முதுகைத் தவிர ஊரில் குறை ஒன்றும் இல்லை. அதற்கும் கொத்துக்காரர்தான் வழி கண்டுபிடித்தார். தனியாக இருக்கிற சாமி துடியாகத்தான் இருக்கும். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் பாருங்கள், பக்கத்தில் அம்மனை உட்காரவைத்தால் சாந்தமாகிவிடும். இங்கே அம்மனுக்கு எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. தட்டில் மயில் காசு இருந்தது. அதிலிருந்த பொம்பளை போட்டிருந்த கொண்டையைப் பார்த்து, அப்படியே நம்ம குப்பாத்தாள்தான் என்றார்கள். அவள் பின்கழுத்தில் முடிந்த கோடாலிக் கொண்டையை அவிழ்த்து, மருமகள்காரி உச்சியில் சுருட்டிக் கட்டிவிட்டாள்.

காசை நெற்றியில் ஒட்ட அவள் சாகவேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. ஊர் காத்திருந்தது. காத்திருப்பதைப் போல அன்பான வேலை வேறு இல்லை. காலையில் கறந்த பால் அவளுக்கு வந்தது, பண்டிகை நோம்பிக்கு முதல் சேலை அவளுக்கு வந்தது, எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி நின்று கும்பிட்டுவிட்டு, "உடம்பு எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார்கள். நல்லா இருக்குது என்றால் முகம் விழுந்துபோகும். மயில்கள் வேறு வர ஆரம்பித்தன. சோளக்காட்டுக்குள் திருடித் தின்றுகொண்டிருந்த மயில்கள் அவள் வாசலில் வந்து வரிசையாக உட்கார்ந்து, கழுத்தை நீட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. விளக்குமாற்றால் விரட்டினாலும் போகவில்லை.

சாவுக்கு அவள் பயப்படவில்லை. செத்தால் சாம்பலாகி, ஆற்றோடு போய், யார் கைக்கும் அகப்படாமல் முடிந்துபோவோம் என்ற ஒரு நினைப்பில்தான் அவள் அத்தனை வருஷமும் அடி வாங்கினாள். செத்த பிறகும் அவனிடமே போய், அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, முடிவே இல்லாமல் அவன் பெண்டாட்டியாக இருக்கவேண்டும் என்றால்? அதற்குத்தான் பயந்தாள்.

காசைப் பற்றிக் கேள்விப்பட்டு ஜெசிந்தா என்று ஒரு பெண், பழைய காசுகளைப் படிக்கிறவளாம், கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். கோயிலுக்குள் காமிராவை விடமாட்டேன் என்று சென்னியப்பன் சொல்லிவிட, பார்த்துவிட்டு மட்டும் வந்து, குப்பாத்தாள் வாசலில் மயில்களை விலக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அது ரோமாபுரி ராஜாங்கம்மா. செத்தப்புறம் அடிச்ச காசு. அங்க ராஜா செத்தா, இவரைச் சாமியாக்கலாமா வேண்டாமான்னு சபை கூடி முடிவு பண்ணுவாங்க. ஆக்கலாம்னா, எரிக்கிற எடத்துல கழுகு வந்து அவரைத் தூக்கிட்டு மேல போறதா நம்பிக்கை. ராணின்னா மயில்."

"முடிவு பண்றவிய, ஆளு எப்படின்னு விசாரிப்பாங்களா கண்ணு?"

"விசாரிப்பாங்க. வேண்டாம்னு தள்ளின ராஜாவும் உண்டு."

"எங்கூர்ல விசாரிக்கலை" என்றாள் குப்பாத்தாள். மயில் ஒன்றை விளக்குமாற்றால் தள்ளிவிட்டு, "அந்த ராணியைக் கேட்டாங்களா?" என்றாள்.

"செத்தவங்களை எப்படிம்மா கேக்கறது?"

ஜெசிந்தா கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். நம் பக்கத்தில் கிடைத்த இந்த மாதிரிக் காசுகள் சிலவற்றில் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கும், ஏன் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, கும்பிடுகிற முகமாக இருக்கவேண்டாம் என்று வெட்டியிருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள்.

"வெட்டுனா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதும்மா. அப்புறம் அது வெறும் தங்கம்."

ஆடி மாசத்தில் குப்பாத்தாளுக்குக் காய்ச்சல் வந்தது. ஊருக்குள் ஒரு கலகலப்பு பிறந்தது. ஊசி போட வந்த நர்சம்மாவை ஊர் எல்லையிலேயே நிறுத்தி, மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். காய்ச்சல் ஏறியது, இறங்கியது, ஏறியது, அவள் சாகவில்லை. கொத்துக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு பகல் நாற்காலியோடு அவளைத் தூக்கிக் கோயிலுக்குக் கொண்டுவந்து, கல்லுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

"பயப்படாத குப்பா. சும்மா காசை வெச்சு ஒரு ஒத்திகை பாத்துக்கலாம்னுதான்."

"மாமா, நான் இன்னும் உசுரோட இருக்கறேன்."

"யாரு இல்லைன்னா? ஊரு பொம்பளைங்க முதுகைப் பாரு. நீ போய் உக்காந்தா அவரு அடங்கிருவாரு."

"கூடவே கெடந்தனே அத்தனை வருசம், அப்ப அடங்கலையே. மேல போனா அடங்குவாங்களா?"

கொத்துக்காரர் சந்தனக் கிண்ணத்தைச் சென்னியப்பன் பக்கம் நகர்த்தினார். கூட்டத்தில் மாசமாக இருந்த சரசு, நேற்றைய மழைத் தழும்பு இன்னும் ஆறாதவள், முன்னால் வந்து காலைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, எங்களுக்காகப் போகக் கூடாதா?" அந்தக் கேள்விதான் குப்பாத்தாளைக் கொன்றது. சாட்டைகூட அப்படிச் சுட்டதில்லை. சரசுவின் தலையைத் தடவினாள்.

அதற்குள் சென்னியப்பன் சந்தனத்தைக் குழைத்து, மயில் காசை அம்மாவின் நெற்றியில் ஒட்டிவிட்டான். வாசலில் மயில் ஒன்று தோகையை விரித்து உள்ளே நடந்துவந்தது. குப்பாத்தாளின் பாதம் தரையை விட்டு எழும்பியது. காய்ச்சல் போயிற்று, மூட்டு வலி போயிற்று, கோணல் மணிக்கட்டின் வலிகூடப் போயிற்று. அவ்வளவு சுகமாக இருந்தது. அந்தச் சுகத்துக்கு நடுவில், மேலேயிருந்து, தோலை ஒரு சுண்டு சுண்டுகிற சத்தம் கேட்டது. அவள் நெற்றிக் காசைப் பிய்த்துக்கொண்டு தரையில் விழுந்தாள்.

விழுந்த இடத்தில் தேங்காய் உடைக்கிற அரிவாள் கிடந்தது. அதை எடுத்தவள், முதலில் தட்டிலிருந்த தாடிக்காரன் காசைத்தான் கல்லின் மேல் வைத்து ஓங்கினாள். "ஐயோ, சாமி முகம்!" என்று கூட்டம் கத்தியது. ஓங்கிய கை அப்படியே நின்றது, கூட்டத்துக்குப் பயந்து அல்ல. வெட்டினால் இவன் சாமி இல்லை. சாமி இல்லையென்றால் மேலே இவனுக்கு என்ன வேலை? இறங்கி வருவான். எங்கே வருவான்? என் வாசலுக்குத்தான் வருவான். வந்து, சோத்தைப் போடுடி என்பான். அவள் அந்தக் காசைப் பத்திரமாகத் தட்டில் திருப்பி வைத்தாள்.

"நீ அங்கயே இரு" என்றாள்.

பிறகு மயில் காசைக் கல்லில் வைத்து, கோணல் கையாலேயே, ஒரே போடாகப் போட்டாள். கொண்டைக்காரியின் நெற்றியிலிருந்து தாடைவரை தங்கம் பிளந்தது. அதே நிமிஷம் குப்பாத்தாளின் நெற்றியிலிருந்து தாடைவரை தோல் பிளந்து ரத்தம் மாரில் கொட்டியது. மயில் தோகையை மடக்கிக்கொண்டு, ஏதோ தப்பான வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி, திரும்பி நடந்து சோளக்காட்டுக்குள் போய்விட்டது. அவள் தாலியைக் கழற்றித் தட்டில் போட்டாள். அரிவாளைக் கூட்டத்தின் நடுவில் வைத்தாள்.

"அவிய காசு அங்க இருக்குது. அருவா இங்க இருக்குது. சரசு, உன்ர முதுகு ஆறோணும்னா இந்த ஆம்பளைங்களை வெட்டச் சொல்லு. எறங்கி வந்தா வெட்டுனவிய ஊட்டுல வெச்சுக்கட்டும்."

ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு கையும் அரிவாளுக்கு நீளவில்லை. அன்று சாயங்காலம் அதுவரை காணாத மழை வந்து, பூட்டின வீட்டின் ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு உள்ளேயிருந்த பெண்களையும் விளாசியது. குப்பாத்தாள் முகத்தில் கட்டுப்போட்ட துணியோடு தன் வாசலில் நின்று நனைந்தாள். அவள் மேல் விழுந்தது தண்ணீர், வெறும் குளிர்ந்த தண்ணீர். கையை விரித்துக்கொண்டு, சின்னப் பிள்ளையாட்டம் வாயைத் திறந்து குடித்தாள். அவள் சிரிப்பதைக் கேட்டபடி உள்ளே அடிவாங்கிக்கொண்டிருந்தவர்கள் யாரும் அவளை அதற்கப்புறம் மன்னிக்கவில்லை.

பால் நின்றது, சேலை நின்றது, பேச்சும் நின்றது. பொதுக்குழாயில் அவள் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் நகர்ந்தன. சரசு பெற்ற பெண்குழந்தை முதுகில் வரியோடு பிறந்தது, அதைக் கேள்விப்பட்டு குப்பாத்தாள் பார்க்கப் போனபோது கதவைச் சாத்தினார்கள். வெட்டுத் தழும்பு விழுந்த முகத்தோடு, தனியாக, கூலிக்கு வெங்காயம் அறுத்துக்கொண்டு, குப்பாத்தாள் வெகு காலம் இருந்தாள். ராத்திரி நன்றாகத் தூங்கினாள், அதை மட்டும் யாராலும் தடுக்க முடியவில்லை.

அவள் செத்தபோது ஊர் வரவில்லை. சென்னியப்பன் கோயில் நடையைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டான். தாராபுரத்திலிருந்து நாகமணி வந்தாள். மருதன் வண்டி கட்டி வந்தார். நெற்றிக்கு நாகமணியின் பர்சில் இருந்தது ஒரு பத்து ரூபாய்க் காசு. "இது போதுமாங்க?" என்று அவள் கேட்க, "இதுதான் தாயி சரி" என்றார் மருதன். கொள்ளி வைத்தது மகள்தான். புகை எழுந்ததும் உச்சி வெயிலுக்குள்ளிருந்து அந்தப் பருந்து இறங்கி வந்து, சிதையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. யாரையோ தேடுகிற மாதிரி, கூப்பிடுகிற மாதிரிக் கத்தியது. கீழே இறங்கி உட்கார மட்டும் அதனால் முடியவில்லை. பொழுது சாய்கிற வரை சுற்றிவிட்டு, வெறும் முதுகோடு போய்விட்டது.

மறுநாள் நாகமணி பால் தெளித்துவிட்டுச் சாம்பலைக் கிளறினாள். எலும்பு இருந்தது. விலா இருந்தது, தாடை இருந்தது, விரல் துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி மண்கலயத்தில் போட்டுக்கொண்டே வந்தவள், கடைசியில், கோணலாகக் கூடிய அந்த மணிக்கட்டு எலும்பைக் கையில் எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து ஊதிச் சாம்பலைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவளுக்கு அழுகை வந்தது, அழுகைக்குள்ளேயே ஒரு சந்தோஷமும் வந்தது.

"எல்லாம் இருக்குதுங்க" என்றாள் மருதனிடம். "எங்கம்மா முழுசா இங்கயேதான் இருக்கறா."

ஆற்றில் அன்றைக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கலயத்தைக் கவிழ்த்தாள்.